பழங்கல்லின் படியும் வினைல் எழுத்தும்

1972ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், மெக்சிகோ நகரின் ஓட்டக்களத்தில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் தொலைவைச் சைக்கிளில் கடந்து உலக சாதனை படைத்தார். அன்று அவர் ஓட்டிய வண்டி, இத்தாலியின் மிலான் நகருக்கு அருகிலுள்ள காம்பியாகோ என்னும் சிற்றூரில் எர்னஸ்டோ கொல்னாகோ என்பவரின் பட்டறையில் உருவானது. எடை ஆறு கிலோவுக்கும் குறைவு. எடையைக் குறைக்கக் கைப்பிடியிலும் சங்கிலியிலும் கூடத் துளையிட்டிருந்தார்கள். ஆனால் வண்டியின் சட்டகத்தில் கொல்னாகோ என்ற பெயர் இல்லை. 'விண்ட்சர்' என்று எழுதியிருந்தது. அம்முயற்சிக்கு ஆதரவளித்த மெக்சிகோ நாட்டுச் சைக்கிள் நிறுவனத்தின் பெயர் அது. (மெக்சிகோக்காரர் தம் சைக்கிளுக்கு இங்கிலாந்து அரச குடும்பத்தின் பெயரை ஏன் தேடிப் போனார் என்பது தனிக்கதை. அக்காலத்தில் சைக்கிள் என்றால் இங்கிலாந்துதான்.)

இப்போது ஒரு கேள்வி. அந்த வண்டியைப் போல ஒன்றை இன்று ஒருவர் உருவாக்குகிறார், அல்லது அதே காலத்துச் சட்டகம் ஒன்றைப் புதுப்பிக்கிறார் என்று கொள்வோம். அதன்மேல் எந்தப் பெயரை ஒட்ட வேண்டும்? செய்தவர் பெயரையா, அன்று இருந்த பெயரையா? கொல்னாகோ என்று ஒட்டினால் பட்டறைக்கு நியாயம் செய்ததாகும். ஆனால் 1972இல் களத்தைச் சுற்றி வந்த வண்டியில் அப்படியொரு எழுத்தே இருந்ததில்லை. விண்ட்சர் என்ற பெயர் ஒரு வகையில் பொய்தான். அந்தப் பொய் அன்று அங்கே இருந்தது என்பதோ மெய்.

சைக்கிளில் ஒட்டும் ஸ்டிக்கரைப் பற்றியா இத்தனை ஆராய்ச்சி என்று இலக்கிய நண்பர்கள் புருவம் உயர்த்தக்கூடும். ஏடு பெயர்த்தெழுதியோர் விட்ட பிழைகளைப் பற்றியும் பாடபேதங்களைப் பற்றியும் ஓயாது பேசுகிறவர்கள் நாம். ஓலையில் நேர்ந்தது இரும்பிலும் நேர்கிறது. அதைப் பார்க்க நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

*

இன்று 'ஸ்டிக்கர்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிற பொருளுக்கு மூன்று தலைமுறை உண்டு. மூத்தது டிரான்ஸ்பர் எனப்பட்டது. தாளில் அச்சிட்ட படத்தை வேறொரு பரப்புக்கு இடம்பெயர்க்கும் கலை 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கிலாந்தின் பீங்கான் தொழிலில் புகுந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதுவே வீட்டுப் பொழுதுபோக்காகி, பெட்டி, தட்டு, விசிறி என்று கையில் அகப்பட்டவற்றின் மீதெல்லாம் படம் ஒட்டும் பித்தாக ஐரோப்பாவில் பரவியது. 'டெக்கால்' என்று இன்று வழங்கும் சொல்லே, அந்தப் பித்துக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட நீண்ட பெயரின் தலைப்பகுதிதான்.

ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் கவென்ட்ரி நகரில் 'ரோவர்' வண்டியை வெளியிட்டு, இரு சக்கரமும் ஒத்த அளவுள்ள இன்றைய சைக்கிளுக்கு வழிவகுத்தார். அடுத்த பத்தாண்டுகளில் சைக்கிள் செய்வோர் பெருகினர். எல்லாரும் வாங்கியது ஏறத்தாழ ஒரே வகைக் குழாய், பூசியது ஒரே கறுப்பு எனாமல். ஒருவர் வண்டியை மற்றவர் வண்டியிலிருந்து பிரித்துக்காட்டப் பெயர் தேவைப்பட்டது. தலைக்குழாயில் பித்தளை வில்லை அறைந்தார்கள். மற்றக் குழாய்களில் டிரான்ஸ்பர் ஒட்டினார்கள்.

அதை ஒட்டும் முறை பொறுமையைச் சோதிப்பது. பசை தடவிய தாளில் எழுத்து தலைகீழாக, பல வண்ணங்களில், சில வேளை பொன் தாளும் வெண்கலத் தூளும் சேர்த்து அச்சிடப்பட்டிருக்கும். படத்தின் முகத்தில் மெல்ல வார்னிஷ் தடவி, கையில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பதத்தில் குழாயின் மேல் வைத்து அழுத்தி, பின்புறத் தாளை நீரால் நனைத்து உருவினால் எழுத்து இரும்பில் நின்றுவிடும். எஞ்சிய பசையைக் கழுவி, மேலே ஒரு பூச்சு வார்னிஷ். பதம் தவறினால் எழுத்து தாளோடு போய்விடும், அல்லது சுருங்கிப் போகும். இளையதான நீர்வழுக்கு டிரான்ஸ்பர் இதைவிட எளிது. நீரில் ஊறவைத்தால் படம் தாளிலிருந்து வழுக்கி வரும். அதை விரலால் நகர்த்தி இடம் பார்த்து நிறுத்தலாம்.

இவ்விரண்டிலும் எழுத்து என்பது மையும் வார்னிஷுமே. அவற்றுக்கு உடம்பு கிடையாது. விரலால் தடவினால் ஓரம் தட்டுப்படுவது அரிது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், வினைலுக்கு வரும்போது தேவைப்படும்.

*

நாட்டிங்ஹாம் நகரின் ராலே தெருவில் இருந்த சிறு பட்டறையை பிராங்க் பவுடன் என்னும் செல்வர் வாங்கி, 1888இல் ராலே சைக்கிள் நிறுவனமாக்கினார். தம் குடும்ப இலச்சினையிலிருந்த நாரையின் தலையை வண்டியின் நெற்றியில் பதித்தார். தெருவின் பெயரும் குடும்பத்தின் பறவையும் சேர்ந்து உலகெங்கும் போயின. ஆலன் சில்லிட்டோ தாம் வேலை செய்த அந்தத் தொழிற்சாலையை வைத்தே 1958இல் புகழ்பெற்ற நாவல் ஒன்றை எழுதினார். 2002இல் நாட்டிங்ஹாமில் வண்டி பூட்டும் வேலை நின்றது. இன்று அந்நிலத்தின் ஒரு பகுதியில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் நிற்கின்றன. பறவை மட்டும் சட்டகங்களில் தொடர்கிறது.

பர்மிங்ஹாமில் கிரேன் சகோதரர்கள் 1910இல் தொடங்கிய ஹெர்குலிஸ், 1946இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் கைக்குப் போயிற்று. அக்குழுமம் முருகப்பா குடும்பத்தாருடன் கைகோத்ததில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் பிறந்தது. அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் உருவாயின. அதே அம்பத்தூரில் பி.எஸ்.ஏ. என்ற பெயரும் குடியேறியது. 1861இல் துப்பாக்கி செய்வதற்காகப் பர்மிங்ஹாமில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே அதன் சின்னம். அந்தப் பெயர் நம் ஊரில் மாணவியர் ஓட்டும் 'லேடிபேர்டு' வண்டிக்கு முன்னொட்டாயிற்று. சின்னங்கள் கடல் கடக்கும்போது பொருளைத் துறையிலேயே இறக்கிவிட்டு வந்துவிடுகின்றன போலும்.

*

ஒட்டிய எழுத்து வெறும் அலங்காரம் அன்று என்பதற்கு நாம் அறிந்தவற்றில் வலுவான சான்று ரெனால்ட்ஸ் 531.

பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்பிரட் ரெனால்ட்ஸ் 1897இல் ஒரு காப்புரிமை பெற்றார். சைக்கிள் குழாய்கள் ஒன்றோடொன்று இணையும் நுனியில்தான் விசை மிகுதியாகத் தாக்கும். எனவே நுனியில் தகட்டைத் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் விடலாம். வெளி விட்டம் எங்கும் ஒன்றே, உள்விட்டம்தான் மாறும். இதனால் வலு குறையாமல் எடை குறைந்தது. 1935இல் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த உருக்கில் இவ்வகைக் குழாய்களைச் செய்து அதற்கு 531 என்று பெயரிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு நல்ல சைக்கிள் என்றால் அந்த மூன்று இலக்கங்கள்தாம். 1983இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் மணிக்கு 1,019 கிலோமீட்டர் வேகத்தில் தரைவேக சாதனை படைத்த 'திரஸ்ட் 2' வண்டியின் எலும்புக்கூடும் இதே 531 குழாய்தான்.

கவனிக்க வேண்டியது, இக்குழாயின் சிறப்பு முழுதும் உள்ளே இருக்கிறது என்பதே. வெளியே நின்று பார்ப்பவருக்கு உயர்ந்த உருக்கும் சாதாரண இரும்பும் ஒன்றுபோலத் தோன்றும். வண்ணம் பூசிய பிறகு தேர்ந்த கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே இருக்கைக் குழாயில் ஒட்டிய சிறு டிரான்ஸ்பர்தான் சாட்சி. அந்தச் சாட்சியமும் நுட்பமானது. மூன்று பெருங்குழாய்கள் மட்டும் 531 என்றால் ஒரு வாசகம், முன்கவையும் பின்தாங்கிகளும் சேர்ந்து 531 என்றால் வேறு வாசகம். ஓரிரு சொற்களின் வேறுபாடுதான், ஆனால் விலையில் அது பெரிய வேறுபாடு.

இந்த டிரான்ஸ்பரைச் சுரண்டிவிட்டு, மேலான வாசகம் கொண்ட புதிய ஸ்டிக்கரை ஒட்டினால் என்ன ஆகும்? பொதுக் குழாய் ஒரே நாளில் உயர்குலத்ததாகிவிடும். ஏமாற்றும் நோக்கம் இல்லாமலும் இது நடக்கும். முன்பெல்லாம் பழைய வண்டியை மறுபூச்சுக்குக் கொடுத்தால், பட்டறையில் அன்றைக்கு எந்த டிரான்ஸ்பர் கையிருப்பில் இருந்ததோ அதுதான் ஒட்டப்படும். 1930களின் சட்டகம் 1950களின் எழுத்தோடு வெளியே வரும். அதை 'அசல்' என்று நம்பி இன்று ஒருவர் படியெடுத்து அடுத்த வண்டியில் ஒட்டுவார். பாடபேதம் பெருகும் முறையும் இதுவேயல்லவா?

ஐயம் வந்தால் இரும்பையே விசாரிக்க வழியுண்டு. இருக்கைத் தண்டின் விட்டத்தை அளந்து பார்க்கலாம். இங்கிலாந்தின் உயர்வகை 531 சட்டகங்கள் பெரும்பாலும் 27.2 மில்லிமீட்டர் தண்டை ஏற்கும். தடித்த சாதாரணக் குழாயென்றால் துளை அதைவிடச் சிறுத்திருக்கும். சட்டகத்தில் பொறித்த வரிசை எண், இணைப்புகளின் வேலைப்பாடு, பின்சக்கரம் அமரும் பிளவின் வடிவம் ஆகியவையும் பேசும். எழுத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதலாகாது.

*

மூன்றாம் தலைமுறை வினைல். பிளாஸ்டிக்கை நெகிழச் செய்யும் வழியை வால்டோ செமன் 1926இல் அமெரிக்காவில் கண்டார். அழுத்தினால் ஒட்டும் சீட்டை ஸ்டான்டன் ஏவரி 1935இல் லாஸ் ஏஞ்சலஸில் செய்தார். இரண்டும் கூடியதே நாம் அறிந்த ஸ்டிக்கர். 1980களில் கணினியால் இயங்கும் வெட்டுக்கத்தி வந்தது. அதுவரை அச்சகமும் கல்லச்சும் வேண்டியிருந்த வேலை மேசைமேல் முடிந்தது. இன்று நம் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே 'ரேடியம் ஸ்டிக்கர்' கடை வைத்திருக்கும் இளைஞர், கால் மணி நேரத்தில் நாரையையும் ஹெர்குலிஸையும் வெட்டித் தந்துவிடுவார்.

இந்த எளிமை நன்மையே. டிரான்ஸ்பர் அச்சிட்டோர் மறைந்தபின், வினைல் இல்லையேல் பல வண்டிகள் பெயரற்று நின்றிருக்கும். பிரிட்டனில் 1955இல் தொடங்கிய வெட்டரன் சைக்கிள் கிளப் போன்ற அமைப்புகள் பழைய டிரான்ஸ்பர்களைத் தேடிப் படியெடுத்து உறுப்பினர்க்கு வழங்குவதை ஒரு தொண்டாகவே செய்துவந்துள்ளன. ஆனால் எளிமைக்குள் சில கண்ணிகள் உண்டு.

முதற் கண்ணி, வளைவு. பழைய இங்கிலாந்துச் சட்டகத்தின் கீழ்க்குழாய் 28.6 மில்லிமீட்டர் விட்டம். சுற்றளவு ஏறத்தாழ 90 மில்லிமீட்டர். அதன்மேல் ஒட்டிய எழுத்தைப் பக்கத்திலிருந்து புகைப்படம் எடுத்தால், சுற்றளவில் பாதிக்கும் குறைவாகவே படத்தில் விழும். விழுந்ததிலும் மேலும் கீழும் உள்ள விளிம்புகள் சுருங்கித் தெரியும். அப்படத்தை வைத்து வெட்டிய எழுத்தை ஒட்டிப் பார்த்தால் குள்ளமாகவும் பருமனாகவும் இருக்கும். இணையத்தில் விற்கும் படிகள் பலவற்றில் 'ஏதோ சரியில்லை' என்று தோன்றுவதற்கு இதுவே காரணம். கல்வெட்டாய்வாளர் நிழற்படத்தை மட்டும் நம்பாமல், ஈரத்தாளைக் கல்லில் அறைந்து மைப்படி எடுப்பார்கள். இங்கும் அதுதான் வழி. மெல்லிய தாளைக் குழாயில் சுற்றி, எழுத்தின் ஓரங்களைப் பென்சிலால் எடுத்து, இணைப்பிலிருந்து முதல் எழுத்து எத்தனை மில்லிமீட்டரில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எழுத்தே உதிர்ந்திருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. இருட்டறையில் கைவிளக்கைக் குழாயோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், எழுத்து மூடியிருந்த இடத்து எனாமலும் வெயில் தின்ற எனாமலும் வேறுவேறாக மின்னும். போன பெயரின் நிழல் அங்கே கிடக்கும்.

இரண்டாவது, வண்ணம். வார்னிஷ் மூப்பில் மஞ்சளாகும். வெள்ளை எழுத்து பாலேடு போலாகும், நீலம் பச்சையை நோக்கிச் சாயும். வெண்கலத் தூளால் அச்சிட்ட 'பொன்' பழுப்பாகிவிடும். இன்று கண்ணில் படும் நிறத்தைப் படியெடுப்பதா, பிறந்த நாளின் நிறத்தை ஊகிப்பதா? புத்தம்புதிய எனாமலின் மேல் மூப்படைந்த நிறத்தில் எழுத்தை ஒட்டுவோரைப் பார்க்கிறோம். இளைஞனுக்கு நரைமுடி ஒட்டிய நாடக வேடம் போலிருக்கிறது அது.

மூன்றாவது, நாம் முன்பு சொன்ன உடம்பு. வினைல் எவ்வளவு மெல்லியதாயினும் 0.05 மில்லிமீட்டருக்குக் கீழே போவது அரிது. மேலே எத்தனை பூச்சு வார்னிஷ் தந்தாலும் ஓரம் மேடாகத் தெரியும். 1990களுக்குப் பிறகு வினைலோடே பிறந்த வண்டிகளுக்கு இது குறையன்று, அவற்றின் இயல்பு. டிரான்ஸ்பர் காலத்து வண்டிக்கு வினைல் ஒட்டினால்தான் உறுத்துகிறது.

வினைல் ஸ்டிக்கரை மாற்றும் முறையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். தலைமுடி உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடேற்றி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, குழாயோடு படிந்த கோணத்தில் மெல்ல இழுக்க வேண்டும். மேல்நோக்கி வெடுக்கென இழுத்தால் வண்ணமும் கூடவரும். எஞ்சிய பசைக்கு மண்ணெண்ணெயோ நீலகிரித் தைலமோ போதும், தின்னர் வேண்டாம். புதியதை ஒட்டுமுன் சோப்புநீர் தெளித்தால் நகர்த்தி இடம் சரிபார்க்க முடியும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளி, ஒரு நாள் தொடாமல் விட வேண்டும். இத்தனையும் செய்யுமுன் பழையதை அளவுகோலோடு படம் பிடித்து வைக்காதவர், படி எடுக்காமலே ஏட்டை ஆற்றில் விட்டவராவார்.

*

படியெடுப்பதில் நமக்கொரு பழைய முன்மாதிரி உண்டு. கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவியார், 10ஆம் நூற்றாண்டில் பல கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிக்காவில் கோயிலை மறுபடி எடுப்பித்தபோது, அங்கே சிதறிக் கிடந்த பழைய கற்களின் வாசகங்களைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார்கள். வெட்டியவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. இதுவும் ஒரு பழைய கல்லின் படிதான் என்னும் பொருள்படும் குறிப்பையும் சேர்த்தார்கள். அந்தச் சிறு குறிப்பு இல்லாதிருந்தால், பல்லவர் கால வாசகம் சோழர் கால எழுத்தமைதியில் இருப்பதைக் கண்டு பின்வந்த ஆய்வாளர்கள் எத்தனை குழம்பியிருப்பார்கள்! வாசகம் பழையது, கை புதியது. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள்.

சட்டகத்தைப் புதுப்பிப்போரிடம் நாம் கேட்பதும் இவ்வளவே. பழைய எழுத்து ஓரளவேனும் எஞ்சியிருந்தால் அதைத் தொடாதீர்கள். தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சு அதைக் காக்கும். எஞ்சவில்லை எனில் அளந்து படியெடுங்கள். படி என்று எங்கேனும் எழுதி வையுங்கள்.

நம் துறைத் தோழர் ஒருவரிடம் மறைந்த தந்தையாரின் ஹெர்குலிஸ் வண்டி இருக்கிறது. கிராமத்துப் பள்ளி ஆசிரியராயிருந்த தந்தை முப்பதாண்டு மிதித்தது. பெயரனுக்காக அதைப் புதிதாக்கும் எண்ணம் தோழருக்கு வந்தது. ரேடியம் கடையில் கேட்டபோது, தற்கால ஹெர்குலிஸ் எழுத்தை வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாம் போய்ப் பார்த்தோம். பார்க் குழாயில் டிரான்ஸ்பரின் பாதி உதிர்ந்திருந்தது. பஞ்சாயத்து வரி வில்லை கட்டியிருந்த கம்பி, துருவேறி ஹாண்டில்பாரின் கீழ் இருந்தது. செயின் கவரில் ஊர்ப் பெயின்டர் தூரிகையால் எழுதிய தந்தையின் பெயரும் ஊரும், மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல். 'கு' என்ற எழுத்தின் சுழி இடம் போதாமல் அடுத்த எழுத்தின் மேல் ஏறியிருந்தது.

"தொழிற்சாலைப் படத்தில் இந்தப் பெயர் கிடையாது சார். எல்லாத்தையும் வழிச்சாத்தான் புதுசு மாதிரி வரும்" என்று சொன்னாராம் கடைக்காரர். அவர் சொன்னதில் தவறில்லை. புதிதாக்குவது என்றால் அதுதான் பொருள். அம்பத்தூரிலிருந்து வெளியே வந்த நாளில் அவ்வண்டியில் தந்தையின் பெயர் இருந்திருக்க முடியாது.

தோழருக்கும் நமக்கும் ஒரு மாலை முழுதும் வழக்கு நடந்தது. வண்டி ஓடவேண்டும் என்பது அவர் கட்சி. பெயரன் துருப்பிடித்த வண்டியில் பள்ளிக்குப் போக மாட்டான் என்பதும் மெய்தான். கடைசியில் ஏற்பட்ட உடன்பாடு இது: மட்கார்டும் கேரியரும் புதுப்பூச்சுக்குப் போயின. பார்க் குழாயையும் செயின் கவரையும் தூசு தட்டி, மேலே தெளிந்த வார்னிஷ் மட்டும் பூசினார்கள். டிரான்ஸ்பரின் உதிர்ந்த பாதியைத் தாளில் படியெடுத்து, நீர்வழுக்குத் தாளில் அச்சிட்டு, எஞ்சிய பாதியோடு பொருத்தினோம். பொருத்திய இடம் உற்றுப் பார்த்தால் தெரிகிறது. மறைக்க முயலவில்லை. பெடல் அச்சு ஓடும் குழாயின் அடிப்புறத்தில், வண்டியைக் கவிழ்த்தால்தான் தெரியும்படி, எந்தப் பாதி படி என்பதையும் ஆண்டையும் சிறு தூரிகையால் எழுதிக் கொடுத்தவர் அதே ரேடியம் கடைக்காரர். தூரிகை பிடித்துப் பத்தாண்டு ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே எழுதினார். 'கு'வின் சுழி அவருக்கும் அடுத்த எழுத்தின் மேல்தான் ஏறியது.